டயானாவின் தம்பி: அமெரிக்க டிவிக்கு வேலை பார்த்த பிரிட்டிஷ் பிரபு

பழைய ஆன்டெனா:

இளவரசி டயானாவின் தம்பி சார்லஸ் ஸ்பென்சர் என்றால் எல்லோருக்கும் 1997 செப்டம்பர் 6தான் ஞாபகம் வரும். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், அரச குடும்பத்தை எதிரில் வைத்துக்கொண்டு பத்திரிகைகளை விளாசி, அரண்மனைக்கும் நாசூக்காக ஒரு குட்டு வைத்து, அக்காவின் இறுதிச் சடங்கில் பேசிய அந்த இரங்கல் உரை. பிரிட்டனில் மட்டும் 3 கோடிப் பேருக்கு மேல் அதை டிவியில் பார்த்தார்கள்.

இந்த மனுஷனே ஒரு டிவிக்காரர் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? 1986 முதல் 1995 வரை அமெரிக்காவின் என்பிசிக்கு நிருபர். ஒப்புக்குப் பெயர் போட்டுக்கொண்டவர் இல்லை, கேமரா முன்னால் மைக் பிடித்து நின்றவர். காலையில் வரும் 'டுடே', மாலையில் டாம் புரோக்கா வாசித்த 'நைட்லி நியூஸ்' இரண்டிலும் இவருடைய செய்திகள் வந்தன.

பிறந்தது 1964 மே 20. ஞானத்தாய் எலிசபெத் மகாராணி. ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு மாக்டலன் கல்லூரியில் வரலாறு. சின்ன வயசில் மகாராணியின் அங்கியைப் பின்னால் தாங்கிப்போகும் சேவகப் பையனாகவும் இருந்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவர் படிப்பை முடித்ததும் அமெரிக்க நெட்வொர்க்கில் போய் நிருபர் வேலை பார்த்தது எனக்கு விநோதமாகவே படுகிறது. அந்தப் பத்து வருஷத்தைப் பற்றிப் பேசுவோம் என்றுதான் இந்த இழை. டயானாவை யார் கொன்றார்கள் என்ற ஆராய்ச்சிக்கு வேறு இழை இருக்கிறது, தயவுசெய்து அங்கே போங்கள்.


மாடசாமி:

//விநோதமாகவே படுகிறது//

இதில என்ன விநோதம் அண்ணே? 1981ல அக்காவுக்கு இளவரசரோட கல்யாணம். 85 நவம்பர்ல டயானா வெள்ளை மாளிகையில ஹாலிவுட் நடிகர் டிராவோல்டாவோட ஆடுறாங்க, அமெரிக்காவே சொக்கிப் போச்சு. 86ல தம்பிக்கு என்பிசியில வேலை. 22 வயசுப் பையன். கூட்டிக் கழிச்சுப் பாருங்க, கணக்கு சரியா வரும். வேலைக்கு எடுத்தது பையனையா, அவன் அக்காவையா?


செங்கமலம்:

மாடசாமி சொல்வது பாதி சரி. நான் சில காலம் செய்தி டெஸ்கில் இருந்தவள் என்பதால் மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

எடுத்ததற்குக் காரணம் பெயர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'டுடே' 1952லிருந்து ஓடுகிற நிகழ்ச்சி. 80களில் பிரையன்ட் கம்பலும் ஜேன் பாலியும் நடத்தினார்கள். ஏபிசியின் 'குட் மார்னிங் அமெரிக்கா'வோடு மயிரிழைப் போட்டி. அந்தப் போட்டியில் 'இளவரசியின் தம்பி லண்டனிலிருந்து' என்று ஒரு முகம் கிடைத்தால் எந்தத் தயாரிப்பாளர்தான் விடுவார்? அதே 86ல்தான் ஜெனரல் எலக்ட்ரிக் என்பிசியையும் சேர்த்து வாங்கியது. பல்பு செய்கிற கம்பெனி செய்தித் துறையில் ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் கேட்க ஆரம்பித்த நேரம். சும்மா ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே நுழைவது வேறு, நிலைப்பது வேறு. நியூயார்க்கில் காலை 7 மணி என்றால் லண்டனில் பகல் 12. அமெரிக்கக் காலை நிகழ்ச்சிக்கு லண்டனிலிருந்து செய்தி தருகிறவருக்கு அரை நாள்தான் கையில். ஷூட் பண்ணி, பைட் (சின்னப் பேட்டித் துண்டு) எடுத்து, பி டு சி (கேமராவைப் பார்த்து நிருபர் பேசுவது) கொடுத்து, வாய்ஸ் ஓவர் பேசி, இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் வெட்டி அனுப்ப வேண்டும். உச்சரிப்பு அமெரிக்கக் காதுக்குப் புரிய வேண்டும். முதல் நாள் பெயருக்காகப் பார்ப்பார்கள். ஆறு மாசம் கழித்தும் திணறினால் பிரபுவாவது, அவர் பாட்டனாவது, ஷிஃப்டே போட மாட்டார்கள். இவர் கிட்டத்தட்ட பத்து வருஷம் நின்றிருக்கிறார்.


மாடசாமி:

//கிட்டத்தட்ட பத்து வருஷம்//

அந்தப் பத்து வருஷமும் அக்கா முதல் பக்கத்துல இருந்தாங்களே மேடம்! கல்யாண முறிவு, பிரிவு, பேட்டின்னு வருஷத்துக்கு வருஷம் மவுசு கூடிக்கிட்டேதான் போச்சு. சாதாரண வீட்டுப் பையன்னா ஏதாவது ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில முனிசிபாலிடி கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுத்துத்தான் தொடங்கணும். இவருக்கு நேரா நியூயார்க் நெட்வொர்க்.


டெல்டாக்காரன்:

ஒரு அடிப்படைச் சந்தேகம். 86ல் இவருக்கு ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் இல்லைதானே? அப்பா உயிரோடு இருந்தார். அப்போது டிவியில் என்ன பெயர் போட்டிருப்பார்கள்?


வக்கீல் வாத்தியார்:

அப்பா எட்டாவது ஏர்ல். அவர் இறந்தது 1992 மார்ச் 29. அதுவரை மகனுக்கு வைகவுண்ட் ஆல்தார்ப் என்ற பட்டம். அது மரியாதைக்கு வழங்கும் பட்டம், சட்டப்படி அவர் சாதாரணக் குடிமகன். இவருக்கு முன்னால் ஒரு அண்ணன் 1960ல் பிறந்து சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டான். அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் பட்டமும் ஆல்தார்ப் மாளிகையும் அவனுக்குப் போயிருக்கும், இவர் முழுநேர நிருபராகவே காலம் தள்ளியிருக்கலாம்.

அந்த ஆல்தார்ப் பட்டத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1832ல் தேர்தல் சீர்திருத்த மசோதாவைக் கீழ்ச்சபையில் நடத்திக் கொடுத்தவர் இந்தக் குடும்பத்து ஆல்தார்ப்தான். நிதியமைச்சராகவும் இருந்தார். இங்கிலாந்தில் ஓட்டுரிமை பரவலானதில் இந்த வீட்டுக்குப் பங்கு உண்டு. குடும்பச் செல்வத்துக்கு மூலம் ஆடு. ஆட்டு மந்தையில் சேர்ந்த பணத்தில் 1508ல் நார்த்தாம்ப்டன்ஷையரில் ஆல்தார்ப்பை வாங்கினார்கள். ஏர்ல் பட்டம் வந்தது அதற்கு ரொம்பப் பின்னால், 1765ல்.

ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. 92ல் அப்பா இறந்ததும் இவருக்குப் பிரபுக்கள் சபையில் உட்காரும் உரிமை வந்துவிட்டது. 1999ல் சட்டம் மாறும்வரை பரம்பரைப் பிரபுக்களுக்கு அது தானாக வருவது. ஆக 92லிருந்து 95 வரை ஒரே ஆள் ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு உரியவர், இன்னொரு நாட்டு டிவிக்கு நிருபர். நம் ஊரில் ஒரு எம்.பி. வெளிநாட்டுச் சேனலுக்குச் செய்தி வாசித்தால் சும்மா விடுவோமா?


செங்கமலம்:

வாத்தியார் சொன்ன அந்த இடம் எனக்கும் உறுத்துகிறது. அந்தக் காலத்துப் பரம்பரை உறுப்பினர்களில் பலர் சபைப்பக்கமே போனதில்லை என்பது வேறு.

மாடசாமிக்கு: 91லிருந்து 93 வரை கிரனாடா டெலிவிஷனிலும் நிருபராக இருந்திருக்கிறார். மான்செஸ்டர் கம்பெனி. வட இங்கிலாந்துக்காரர்களுடைய பெருமை அது, புலனாய்வு நிகழ்ச்சிகளுக்குப் பேர் போனது. அமெரிக்கர்களுக்கு வேண்டுமானால் இளவரசியின் தம்பி இனிக்கலாம், மான்செஸ்டர்க்காரனுக்கு அதில் என்ன கிறக்கம்? 93ல் என்பிசி, ஐரோப்பா முழுக்கத் தெரிந்த 'சூப்பர் சேனல்' என்ற சாட்டிலைட் சேனலை வாங்கியது. அதற்காக உலகத்து மாளிகைகள் பற்றி 12 பகுதித் தொடரை இவரே எழுதி வழங்கினார். அந்தத் தலைப்புக்கு இவர் பொருத்தமான ஆள்தான், அதையும் தப்பு சொல்ல முடியாது.


மாடசாமி:

மாளிகையைப் பத்திப் பேச மாளிகைக்காரரையே கூப்பிடுறது! லொகேஷன் செலவும் மிச்சம் 😄


நல்லூரான்:

நான் லண்டன்ல இருக்கிறன். நீங்கள் எல்லாரும் முக்கியமான இடத்தை விட்டிட்டுக் கதைக்கிறியள். இந்த மனுசன்ர டிவி வாழ்க்கை அவருக்கு உண்மையிலே கைகொடுத்தது என்பிசியில இல்லை, பிபிசி விசயத்தில.

1995 நவம்பர் 20, பிபிசியின்ர 'பனோரமா' எண்ட செய்தி நிகழ்ச்சியில டயானா பேட்டி. "இந்தக் கல்யாணத்தில நாங்கள் மூண்டு பேர்" எண்டு சொன்னதே அந்தப் பேட்டிதான். பிரிட்டனில 2 கோடிக்கு மேல சனம் பார்த்தது. அடுத்த நாள் பஸ்சில, கடையில வேற கதையே இல்லை. அந்த நேரம் ஆரும் கேக்காத கேள்வி: மார்ட்டின் பஷீர் எண்ட, பெரிசாப் பேர் இல்லாத நிருபர் இளவரசிக்குக் கிட்டப் போனது எப்பிடி?

தம்பிக்குள்ளால. ஓகஸ்ட் கடைசியில பஷீர் ஸ்பென்சரைச் சந்திக்கிறார். பிறகு வங்கிக் கணக்கு அறிக்கைகள் எண்டு சில தாள்களைக் காட்டுறார். குடும்பத்துக்கு வேலை செய்த ஒருத்தருக்குப் பத்திரிகைக்காரர் காசு குடுத்ததா அதில இருக்கு. எல்லாம் பொய். மாட் வீஸ்லர் எண்ட பிபிசி கிராஃபிக் டிசைனரைக் கொண்டு செய்விச்ச தாள்கள். அவருக்கும் அது என்னத்துக்கு எண்டு தெரியாது. அதை நம்பித்தான் செப்டம்பர் 19ல ஸ்பென்சர் அக்காவுக்குப் பஷீரை அறிமுகம் செய்து வைச்சார்.

அண்டைக்கு பஷீர் சொல்லச் சொல்ல ஸ்பென்சர் குறிப்பெடுத்தவர். முந்தித் தனக்குச் சொன்னதுக்கும் இப்ப அக்காவுக்குச் சொல்லுறதுக்கும் பொருத்தமில்லை எண்டு அப்பவே பிடிச்சிட்டார். கூட்டம் முடிய, உன்ர நேரத்தை வீணாக்கிப் போட்டன், மன்னிச்சுக்கொள் எண்டு அக்காவிட்டச் சொன்னவர். அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சார். ஆனா டயானா தொடர்பை விடேல்ல, பேட்டி நடந்திட்டுது.

குறிப்புகளை அவர் எறியேல்ல. 25 வருசம் பத்திரமாக் கிடந்தது. 2020ல பிபிசி நீதிபதி டைசனை விசாரணைக்குப் போட்டபோது அந்தத் தாள்கள்தான் பெரிய சாட்சி. அறிக்கை வந்தது 2021 மே 20, அவற்ர பிறந்த நாள், தற்செயல்தான். பஷீர் பொய் ஆவணம் காட்டி ஏமாத்தினவர் எண்டு டைசன் எழுதிப்போட்டார். 1996ல பிபிசிக்குள்ள டோனி ஹால் நடத்தின விசாரணையையும் துவைச்செடுத்தார். அந்த விசாரணையில ஸ்பென்சரிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கேல்ல! தாளைப் பார்த்த மனுசனையே கேக்காமல், பஷீர் நேர்மையானவர் எண்டு முடிச்சவை.


செங்கமலம்:

நல்லூரான், இதுதான் நான் சொல்ல நினைத்தது. டயானாவைச் சுற்றி இருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு சந்திப்பில் பேனாவை எடுத்திருப்பார்கள்? உதவியாளர், நண்பர், சமையல்காரர் எல்லோரும் பின்னாளில் நினைவிலிருந்து சொன்னார்கள், புத்தகம் போட்டார்கள். தேதி போட்டு, யார் என்ன சொன்னார் என்று அந்த நேரத்திலேயே எழுதி வைத்தது நிருபர் வேலை பழகினவரின் கை. 26 வருஷம் கழித்து ஒரு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி அதை எடுத்துவைத்துக்கொண்டு பிபிசி மாதிரி ஒரு நிறுவனத்தைத் தலைகுனிய வைத்தார் என்றால், இவருடைய பத்து வருஷத் தொழிலுக்கு எனக்கு வேறு சான்று வேண்டாம். பட்டம் வேலை வாங்கித் தந்திருக்கலாம் மாடசாமி, குறிப்பெடுக்கும் பழக்கத்தைப் பட்டம் தராது.


மாடசாமி:

இதை நான் மறுக்கல. ஆனா ஒரு கேள்வி. பத்து வருஷம் நியூஸ் ரூம்ல இருந்தவரு அந்தத் தாளைப் பாத்ததும் ஏன் நம்பினாரு? வெரிஃபை பண்ணணும்னு அவருக்குத் தோணலையா? பேங்குல ஒரு ஃபோன்?


செங்கமலம்:

அடுத்தவருடைய கணக்கு விவரத்தை எந்த பேங்க் ஃபோனில் சொல்லும்? தவிர, தாளை நீட்டியது பிபிசி. 'பனோரமா' என்றால் அந்த ஊரில் கல்வெட்டு. செய்தித் துறையில் இருக்கிறவனுக்குத்தான் அந்தப் பெயர் மீது மரியாதை அதிகம் இருக்கும், அதனால் வெளியாளைவிட அவன்தான் சீக்கிரம் நம்புவான். வீஸ்லர் கதை இன்னும் மோசம். தான் செய்த தாள்கள் எதற்குப் பயன்பட்டன என்று சந்தேகப்பட்டு மேலதிகாரிகளிடம் சொன்னவர் அவர். பிபிசி வேலை அவருக்கு வராமல் போனது.


டெல்டாக்காரன்:

அது சரி. ஊடகத்தையே சாடிய அந்த உரையை எப்படி எடுத்துக்கொள்வது? டயானா இறந்த அன்றே கேப்டவுன் வீட்டு வாசலில் நின்று, அக்காவைப் பத்திரிகைகள் கொல்லும் என்று எப்போதும் நினைத்தேன், துரத்தி எடுத்த படங்களுக்குக் காசு கொடுத்த ஒவ்வொரு முதலாளி கையிலும் ஆசிரியர் கையிலும் ரத்தம் இருக்கிறது என்றார். அபேயில், வேட்டைத் தெய்வத்தின் பெயர் வைத்த பெண் இந்தக் காலத்தின் ஆக அதிகம் வேட்டையாடப்பட்டவள் ஆனாள் என்றார். நல்ல வரிதான். ஆனால் ராஜ குடும்பத்துச் செய்தி விற்ற அமெரிக்க டிவியில் சம்பளம் வாங்கியவர் சொல்லலாமா?


பழைய ஆன்டெனா:

சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். டெலி லென்ஸ் வைத்து மதில் மேலிருந்து படம் எடுப்பதும், மைக்கை நீட்டிப் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்பதும் ஒன்றா?

இந்த உரை ஒரு ஒளிபரப்பாளர் எழுதியது என்பது கேட்டாலே தெரியும். நீளமான சர்ச் வாக்கியமே கிடையாது. அந்த 'வேட்டை' வரியைக் கவனியுங்கள். வெட்டி எடுத்து எந்தச் செய்தியிலும் போடலாம், தனியாகவே நிற்கும். வெளியே ஒலிபெருக்கியில் கேட்டவர்கள் கை தட்ட, அது அபே உள்ளேயும் பரவியது. சர்ச்சுக்குள் இரங்கல் உரைக்குக் கைதட்டல்! மகாராணி உட்கார்ந்திருக்கும்போது!


வக்கீல் வாத்தியார்:

உரையை எல்லோரும் பேசுகிறோம், வழக்கை யாரும் பேசவில்லை. 1995ல் 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' இவர் மனைவியின் உடல்நிலை பற்றிச் செய்தியும் தொலைவிலிருந்து எடுத்த படமும் போட்டது. ஆசிரியர் பியர்ஸ் மார்கன். பத்திரிகைப் புகார்க் குழு ஸ்பென்சர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, முதலாளி மர்டாக்கே தன் ஆசிரியரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அப்படி நடப்பது அபூர்வம்.

இவர் அதோடு விடாமல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். பிரிட்டிஷ் சட்டத்தில் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பே இல்லை என்பது புகார். 1998 ஜனவரியில் மனு ஏற்கப்படவில்லை. காரணம்தான் சுவாரஸ்யம்: உள்நாட்டில் நம்பிக்கை மீறல் (ரகசியமாக வைக்க வேண்டியதை வெளியே விடுவது) என்ற அடிப்படையில் வழக்குப் போட்டிருக்கலாமே, அதைச் செய்யாமல் இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். அவர் தோற்றார். ஆனால் அந்தப் பழைய சட்டக் கிளையை வைத்தே அந்தரங்கத்தைக் காக்கலாம் என்று ஸ்ட்ராஸ்பர்க்கே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பின்னால் பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் போன பாதையும் அதுதான். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இவர் டயானாவின் தம்பியாக அல்ல, வழக்குத் தலைப்பாகத்தான் அறிமுகம்.


டெல்டாக்காரன்:

வேறு பிரபுக்கள் யாராவது இப்படி வெளிநாட்டு டிவியில் வேலை பார்த்திருக்கிறார்களா?


பழைய ஆன்டெனா:

இருக்கிறார்கள். லார்ட் ஸ்னோடன், அதாவது இளவரசி மார்கரெட்டின் கணவர். போட்டோகிராஃபர். 1960ல் கல்யாணம், 61ல் ஏர்ல். 68ல் அமெரிக்காவின் சிபிஎஸ்ஸுக்காக முதுமை பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார், எம்மி விருது கிடைத்தது. அவரை யாரும் பட்டத்துக்காகக் கூப்பிட்டதாகச் சொல்ல முடியாது, கேமரா கைவந்தவர்.

இன்னொருவர் கிறிஸ்டோபர் கெஸ்ட். நியூயார்க்கிலேயே பிறந்தவர். தாத்தா பிரிட்டனின் லேபர் கட்சிக்காரர், டாக்டர், 1950ல் பிரபு ஆனார். 84-85ல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் கேலிச் செய்தி வாசித்த ஆசாமி, 96ல் அப்பா இறந்ததும் ஐந்தாவது ஹேடன்-கெஸ்ட் பிரபு ('பாரன்' என்ற பட்டம்) ஆகி, 99 வரை லண்டன் பிரபுக்கள் சபையில் உட்காரத் தகுதி உள்ளவராக இருந்தார். மனைவி நடிகை ஜேமி லீ கர்டிஸ்.


மாடசாமி:

காமெடி நியூஸ் வாசிச்சவரு சட்டசபைக்குப் போறதெல்லாம் நமக்குப் புதுசா என்ன?


நல்லூரான்:

கார்ல் ஹாப்ஸ்பர்க்கையும் சேர்க்கலாம். கடைசி ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின்ர பேரன். பிறந்தது ஜெர்மனியில. 90களின்ர தொடக்கத்தில ஆஸ்திரிய அரசு டிவியில கேம் ஷோ நடத்தினவர். 1919லயே பிரபுப் பட்டங்களைச் சட்டம் போட்டு ஒழிச்ச நாடு அது, 'ஃபொன்' எண்டு பேருக்கு முன்னால போடக்கூட ஏலாது. பாட்டன் ஆண்ட தேசத்தில பேரன் போட்டியாளருக்குக் கேள்வி கேட்டுக்கொண்டு நிண்டவர்.


செங்கமலம்:

கார்லுக்கு அது வெளிநாடு என்று எப்படிச் சொல்வது? ஸ்பென்சர், ஸ்னோடன் இரண்டு பேரைத்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

95க்குப் பிறகு ஸ்பென்சர் நிருபர் வேலைக்குத் திரும்பவில்லை. கொஞ்ச காலம் தென்னாப்பிரிக்கா, பிறகு ஆல்தார்ப், வரலாற்றுப் புத்தகங்கள். பிளென்ஹைம் போர், முதலாம் சார்லஸ் மன்னருக்கு மரண தண்டனை கொடுத்தவர்களின் கதி, 1120ல் மூழ்கிய வெள்ளைக் கப்பல் என்று எழுதினார். 2024ல் தான் படித்த விடுதிப் பள்ளியில் சிறுவர்கள் பட்ட கொடுமையைப் பற்றி எழுதினார், தானும் பட்டது உட்பட. அந்தப் புத்தகத்துக்குப் பழைய மாணவர்கள் பலரைத் தேடிப்போய்ப் பேசியிருக்கிறார். அங்கேயும் அதே நிருபர் வேலைதான்.


மாடசாமி:

சரி, ஒத்துக்க முடியற அளவுக்கு ஒத்துக்கறேன்: ஆளு வேலைக்காரன். ஆனா அதே திறமையோட லிவர்பூல் துறைமுகத் தொழிலாளி மகன் ஒருத்தன் 86ல என்பிசி வாசல்ல நின்னிருந்தா வாட்ச்மேனைத் தாண்டியிருப்பானா? அதைச் சொல்லுங்க.


செங்கமலம்:

தாண்டியிருக்க மாட்டான்.


டெல்டாக்காரன்:

அந்த 'பனோரமா' பேட்டியை இப்போது எங்கே பார்க்கலாம்?


நல்லூரான்:

பிபிசியில இனிக் கிடையாது. திரும்பப் போட மாட்டம் எண்டு 2022ல பிபிசியின்ர தலைமை இயக்குநரா இருந்த டிம் டேவி அறிவிச்சிட்டார். அந்தப் பேட்டியை வித்து வந்த காசையும், 14 லட்சம் பவுண்டுக்கு மேல, தர்மத்துக்குக் குடுத்தவை. யூடியூப்பில துண்டு துண்டாக் கிடக்கு.